ஒரு சட்டி ராஜ்மா சூப்புக்குள் இத்தனை சங்கதியா? தெரியுமா உங்களுக்கு?

நாலைந்து ராஜ்மா. அவ்வளவுதான்! பச்சையாகவோ அரைவேக்காடாகவோ வயிற்றுக்குள் போனால், மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி, பேதி என்று ஆளைப் புரட்டிப் போட்டுவிடும். தெரியுமா? அதே ராஜ்மாவைத் தளதளவென்று கொதிக்கவிட்டு வேகவைத்தால் அத்தனை விஷமும் அடங்கி, குழந்தைக்குக்கூட ஊட்டலாம் என்கிற அளவுக்குச் சாதுவாகிவிடும். இன்னும் கேளுங்கள். ரத்தத்தை எடுத்துக் குரோமோசோம் எண்ணிப் பார்க்கும் பரிசோதனைக் கூடங்களில் இன்றைக்கும் வேலை செய்துகொண்டிருப்பது, ராஜ்மாவிலிருந்து எடுத்த அதே விஷப் புரதம்தான்!

1960-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பீட்டர் நவல் என்ற ஆய்வாளர், ரத்தத்தில் இருந்து வெள்ளணுக்களைப் பிரித்தெடுக்க இந்தப் புரதம் உள்ள ராஜ்மாச் சாற்றைப் பயன்படுத்தினார். சிவப்பணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து ஒதுக்குவதுதான் அதற்குக் கொடுத்த வேலை. ஆனால், சும்மா கிடந்த வெள்ளணுக்கள் திடீரென்று விழித்துக்கொண்டு இரண்டாகப் பிரிந்து பெருக ஆரம்பித்துவிட்டன! செல் பிரியும் நேரத்தில்தான் குரோமோசோம் தெளிவாகக் கண்ணில் படும். ஆக, மரபணுக் கோளாறுகளைக் கண்டுபிடிக்கும் ஒரு பெரிய வழியைத் திறந்துவிட்டது மளிகைக் கடையில் கிலோ கணக்கில் கிடைக்கும் ராஜ்மா.

இந்த ராஜ்மாவை வைத்து ஒரு சூப். கறி இல்லை, எலும்பு இல்லை, வெண்ணெய் இல்லை, மேலே ஊற்றப் பாலாடைகூட இல்லை. முழுக்க முழுக்க வீகன். ஆனாலும் பெரிய கிண்ணம் ஒன்று குடித்தால் ராத்திரிச் சாப்பாடு முடிந்த மாதிரிதான்.

நாலு பேருக்குத் தேவையானதைச் சொல்லிவிடுகிறேன். சிவப்பு ராஜ்மா ஒரு டம்ளர், அதாவது 200 கிராம். பெரிய வெங்காயம் 2, பூண்டு ஆறு பல், கேரட் 2, நன்றாகப் பழுத்த தக்காளி 3, முட்டைக்கோஸ் கால் பாகம், செலரி இரண்டு தண்டு. செலரி கிடைக்கவில்லையா? கொத்தமல்லித் தழையை ஆய்ந்துவிட்டு நாம் தூக்கி எறிகிறோமே, அந்தத் தண்டைப் பொடியாக நறுக்கிப் போடுங்கள். என் வாய்க்கு அதுதான் செலரியைவிடப் பிடிக்கிறது. கடலை எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, பிரிஞ்சி இலை ஒன்று, மிளகுத்தூள், உப்பு, கடைசியில் பிழிய அரை மூடி எலுமிச்சை. முடிந்தது.

ஊறும்போதே ஒரு வேடிக்கை

ஊறப்போடும் முன் ஒரே ஒரு ராஜ்மாவை எடுத்துக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். உள்வளைவில் வெள்ளையாக ஒரு தழும்பு தெரிகிறதா? காய்க்குள் இருந்தபோது தாய்ச்செடியோடு ஒட்டியிருந்த இடம் அது. சுருக்கமாகச் சொன்னால் ராஜ்மாவின் தொப்புள்! அதன் ஒரு முனையில் ஊசி நுனியால் குத்தினது மாதிரி ஒரு துளை இருக்கும். பூவாக இருந்த காலத்தில் மகரந்தக் குழல் உள்ளே நுழைந்து கருவாக்கியது அந்தத் துளை வழியாகத்தான் என்றால் நம்புவீர்களா? தோல் வழவழவென்று இருப்பதால் தண்ணீர் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி உள்ளே போவதில்லை. அந்தத் தழும்பும் துளையும் இருக்கிற பக்கமாகத்தான் முதலில் கசிந்து நுழைகிறது.

ஒரு மணி நேரம் கழித்துப் பாத்திரத்தை எட்டிப் பாருங்கள். தோல் மட்டும் தண்ணீரைக் குடித்துவிட்டு வரிவரியாகச் சுருங்கி நெளிந்திருக்கும். உள்ளே பருப்பு இன்னும் கல்தான். விடிந்து பார்த்தால் சுருக்கம் எல்லாம் காணாமல் போய், தோல் விறைத்து, எடை ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருக்கும். எட்டு மணி நேரமாவது ஊற வேண்டும்.

இன்னொரு ரகசியம். "பயறு வேகிறபோது உப்புப் போடாதே, வேகாது" என்று கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம்? ஊறவைக்கும் தண்ணீரிலேயே உப்புப் போட்டால் ராஜ்மா இன்னும் மென்மையாக வேகும் என்பது தெரியுமா? ராஜ்மாவின் செல்களை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருப்பது பெக்டின் என்கிற பசை. அந்தப் பசையை இறுக்கிக் கட்டுவது கால்சியமும் மெக்னீசியமும். உப்பில் இருக்கும் சோடியம் மெல்ல உள்ளே நுழைந்து அந்த இரண்டையும் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்கிறது. கட்டு தளர்கிறது, தோல் வெடித்துச் சிதறாமல் பட்டுப்போல வேகிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாகக் கல்லுப்பு போதும். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு நல்ல தண்ணீரில் அலசப்போகிறோம், கரிக்காது.

போர்வெல் தண்ணீரில் எதுவுமே வேகமாட்டேன் என்கிறது என்று புலம்பும் வீடுகளுக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. கடினத் தண்ணீரில் கால்சியம் அதிகம். கட்டு இன்னும் இறுகுகிறது. அந்த வீடுகளில் குடிதண்ணீரில் ஊறவைத்துக் குடிதண்ணீரிலேயே வேகவையுங்கள். ஆப்ப சோடா போட்டால் சீக்கிரம் வேகும்தான், உண்மை. ஆனால் அது பி1 வைட்டமினை அழிக்கும், கூடிப்போனால் சோப்பு வாடையும் அடிக்கும். எனக்குச் சம்மதமில்லை.

இத்தனையும் செய்து வேகவில்லையா? உங்கள் மேல் தப்பே இல்லை. கடைக்காரர் சரக்கு பழசு! சூடும் ஈரமும் உள்ள இடத்தில் மாதக்கணக்கில் கிடந்த ராஜ்மா உள்ளுக்குள்ளேயே மாறிப்போய், எத்தனை மணி நேரம் வேகவைத்தாலும் நறுக்கென்றுதான் இருக்கும். பளபளப்பு மங்கி, தோல் வெடித்த ராஜ்மாவை வாங்காதீர்கள்.

வேருக்குள் ரத்தம்!

ராஜ்மா பஞ்சாபிக்காரர் என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? அவருடைய சொந்த ஊர் அமெரிக்கக் கண்டம்! காட்டுக்கொடியாக இருந்த பீன்ஸை மனிதர்கள் இரண்டு இடங்களில், ஒருவரைப் பற்றி ஒருவருக்குத் தெரியாமலேயே, தனித்தனியாகப் பயிராக்கினார்கள். ஒன்று மெக்சிகோப் பக்கம், இன்னொன்று தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பக்கம். சிறுசிறு கறுப்பு பீன்ஸ் எல்லாம் மெக்சிகோ வம்சம். நம் சட்டியில் ஊறும் பெரிய ராஜ்மா ஆண்டிஸ் வம்சம். காய்கறிக் கடையில் பச்சையாக வாங்கிப் பொரியல் செய்கிறோமே பீன்ஸ், அதுவும் இந்த ராஜ்மாவும் ஒரே இனம் என்பது இன்னொரு ஆச்சரியம். ஒன்றை இளசிலேயே காயாகப் பறிக்கிறோம், இன்னொன்றை முற்றவிட்டு விதையாக எடுக்கிறோம், அவ்வளவுதான்.

வட அமெரிக்காவின் ஹோடனோஷோனி பழங்குடி மக்கள் மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி மூன்றையும் ஒரே மண்மேட்டில் கூட்டாக வளர்ப்பார்கள். சோளத்தட்டையைப் பிடித்துக்கொண்டு பீன்ஸ் ஏறும். பூசணி இலை தரையை மூடிக் களையை அடக்கும், ஈரத்தைக் காக்கும். பீன்ஸ் வேரில் குடியிருக்கும் பாக்டீரியா காற்றில் உள்ள நைட்ரஜனைப் பிடித்து உரமாக்கும். உர மூட்டைக்கு வேலையே இல்லை.

அந்த வேரைப் பிடுங்கிப் பார்த்தால் சின்னச்சின்ன முடிச்சுகள் இருக்கும். நல்ல நிலையில் உள்ள ஒரு முடிச்சை நகத்தால் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்பு! செடிக்குள் ரத்தமா? ஏறக்குறைய அப்படித்தான். நம் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினுக்கு உறவுக்காரப் புரதம் ஒன்று அங்கே இருக்கிறது. ஆக்சிஜன் அதிகமானால் பாக்டீரியாவின் வேலை கெட்டுப்போகும் என்பதால், அதை அளந்து அளந்து கொடுப்பது இதன் வேலை. சோயா வேரில் உள்ள இதே புரதத்தை ஈஸ்ட்டில் வளர்த்தெடுத்துத்தான், கறி மாதிரியே சிவந்து கசியும் வீகன் பர்கரை 2016-ல் அமெரிக்காவில் ஒரு நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

ராஜ்மாவுக்குப் பதில் டபுள் பீன்ஸ் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: தாராளமாகப் போடுங்கள், போடும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள். டபுள் பீன்ஸ் செடியைச் செஞ்சிலந்திப் பேன் கடிக்க ஆரம்பித்தால், செடி ஒரு வாசனையைக் காற்றில் விடுகிறது. அந்த வாசனையை மோப்பம் பிடித்து வேறொரு வகைப் பேன் ஓடி வந்து, கடித்த பேனைத் தின்றுவிடுகிறது! நெதர்லாந்தில் மார்செல் டிக்கே என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் 1980-களில் கண்டுபிடித்த சங்கதி இது. அடியாளைக் கூப்பிடத் தெரிந்த செடி!

கொட்டுங்கள், கொதிக்கவிடுங்கள்

காலையில் முதல் வேலை, ஊறிய தண்ணீரைக் கொட்டுவது. சத்து போய்விடுமே என்று அதிலேயே வேகவைக்க வேண்டாம். ராஜ்மாவில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்று சில சர்க்கரைகள் இருக்கின்றன. இவற்றை உடைக்கும் நொதி மனிதக் குடலில் கிடையவே கிடையாது. உடையாமல் பெருங்குடல் வரை போகிற அந்தச் சர்க்கரையைப் பார்த்து அங்கே இருக்கும் பாக்டீரியாக்களுக்குக் கொண்டாட்டம். தின்றுவிட்டு வாயு விடுகின்றன. ஊறிய தண்ணீரோடு அதில் ஒரு பங்கு போய்விடும்.

சிரிக்காதீர்கள், இந்த வாயுவைப் பற்றி விண்வெளி ஆய்வுக்காகவே ஆராய்ச்சி நடந்திருக்கிறது! 1960-களில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டோரிஸ் காலவே என்ற சத்துணவு விஞ்ஞானி, விண்வெளி வீரர்களுக்கான உணவைத் தின்றவர்களின் குடலில் எவ்வளவு ஹைட்ரஜனும் மீத்தேனும் உண்டாகிறது என்று அளந்து பார்த்தார். இரண்டுமே தீப்பிடிக்கும் வாயுக்கள். மூடிய கலத்துக்குள் சும்மா விடுவார்களா?

பயப்பட வேண்டாம். அமெரிக்காவில் தினமும் அரைக் கப் பீன்ஸ் கொடுத்து நடத்திய சோதனைகளில், வாயு கூடிவிட்டது என்று சொன்னவர்கள் முதல் வாரத்தில்கூடப் பாதிப்பேருக்கு மேல் இல்லை. வாரம் ஆக ஆக அவர்களும் குறைந்துபோனார்கள். 2011-ல் வெளியான ஆய்வு இது. வயிறும் பழகிக்கொள்ளும்.

இப்போது அந்த விஷத்துக்கு வருவோம், ஏனென்றால் இதில் விளையாட்டே கூடாது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் கணக்குப்படி பச்சை ராஜ்மாவில் இந்த நச்சின் அளவு 20,000 முதல் 70,000 அலகு. முழுசாக வெந்தபின் 200 முதல் 400 வரைதான். வெள்ளை ராஜ்மாவில் சிவப்பில் இருப்பதைப்போல மூன்றில் ஒரு பங்கு. ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் நன்றாகக் கொதிக்கவிடச் சொல்கிறார்கள்.

இதில் தலைகீழான ஒரு விஷயம் உண்டு, கவனியுங்கள். 80 டிகிரிக்கும் குறைவான சூட்டில் மணிக்கணக்கில் வைத்தால் நச்சு குறைவதற்குப் பதில் கூடுகிறது. பச்சையில் இருந்ததைவிட ஐந்து மடங்குவரை போகலாம் என்கிறார்கள்! மெல்லச் சமைக்கும் மின்சாரச் சட்டிகள் இப்போது நம் ஊரிலும் வர ஆரம்பித்திருக்கின்றன. அதில் ராஜ்மாவை அப்படியே போட்டுவிட்டு ஆபீஸ் போகாதீர்கள். 2006-ல் ஜப்பானில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி, வெள்ளை பீன்ஸைச் சில நிமிடம் வறுத்துப் பொடித்துச் சோற்றில் தூவிச் சாப்பிட்டால் உடம்பு இளைக்கும் என்று சொல்லப்போய், நூற்றுக்கணக்கானவர்கள் வாந்தி பேதியோடு அவதிப்பட்டார்கள்.

நமக்கு அந்தக் கவலை குறைவு. வீட்டுக்கு வீடு குக்கர் இருக்கிறது. சாதாரணமாகத் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. குக்கருக்குள் 120 டிகிரி வரை போகும். அந்தச் சூட்டில் இந்த நச்சு தாக்குப்பிடிக்காது. குக்கரின் தாத்தாவைச் செய்தவர் டெனி பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர். 1679-ல் லண்டனில் செய்தார். வெடித்துவிடாமல் இருக்க அவர் வைத்த வால்வுதான் இன்று விசில் அடிக்கும் வெயிட்டுக்கு முன்னோடி. 1682 ஏப்ரலில் ராயல் சொசைட்டி உறுப்பினர்களுக்கு அதில் சமைத்து ஒரு விருந்தே வைத்தார். கெட்டி எலும்புகூட மெத்தென்று வெந்துவிட்டதைப் பார்த்து அசந்துபோனதை ஜான் ஈவ்லின் என்பவர் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அடைபட்ட நீராவிக்கு இத்தனை பலமா என்று யோசித்த அதே பாப்பின், பிறகு நீராவியால் பிஸ்டனைத் தள்ளும் இயந்திரத்துக்கும் யோசனை சொன்னார். சமையல்கட்டுக்கும் ரயிலுக்கும் அவ்வளவு கிட்டத்து உறவு!

ஊட்டிக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பார்க்கத் தளதளவென்றுதான் இருக்கும், ஆனால் சூடு போதாது. அங்கே ராஜ்மாவுக்குக் குக்கர் கட்டாயம்.

ஊறி அலசிய ராஜ்மாவோடு பிரிஞ்சி இலை, நான்கு டம்ளர் தண்ணீர் சேர்த்து நாலைந்து விசில் விட்டு, பிறகு சிம்மில் கால் மணி நேரம். விசில் எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள். ஆவி அடங்கியதும் நாலைந்து மணியை எடுத்து விரலால் நசுக்கிப் பாருங்கள். நடுவில் வெள்ளையாக மாவு கட்டினது மாதிரி துளிகூட இருக்கக் கூடாது.

கறியில்லாமல் கறி வாசனை

வேறு அடுப்பில் கனமான சட்டி. எண்ணெய் காய்ந்ததும் பொடியாக நறுக்கிய வெங்காயம்.

வெங்காயம் நறுக்கினால் ஏன் அழுகிறோம் என்று கேட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகூட ஏதாவது சொல்லும். ஆனால் அந்த வாயுவை உண்டாக்குவதற்கென்றே தனி நொதி ஒன்று வெங்காயத்தில் இருப்பது 2002-ல்தான் தெரிய வந்தது! கண்டுபிடித்த ஜப்பானியர்களுக்கு 2013-ல் இக் நோபல் பரிசு கிடைத்தது. முதலில் சிரிக்க வைத்து, பிறகு யோசிக்க வைக்கும் ஆராய்ச்சிகளுக்குக் கொடுக்கிற பரிசு அது.

இந்த சூப்புக்கு முக்கியமான செய்தி வேறு. வெங்காயத்தை நறுக்கித் தண்ணீரில் மெல்ல வேகவிட்டால், அதில் உள்ள கந்தகச் சேர்மங்களிலிருந்து ஒரு வாசனைப் பொருள் உண்டாகிறது. அது மூக்குக்குக் கறிக்குழம்பு மாதிரியே இருக்கும்! சைவ சூப்பில் "ஏதோ குறைகிறதே" என்ற நினைப்பே வராமல் பார்த்துக்கொள்வது இதுதான். பொடியாக நறுக்குங்கள்; நறுக்கியதும் பத்து நிமிடம் அப்படியே விட்டுவையுங்கள். கருக விடாமல் கண்ணாடி மாதிரி வதங்கினால் போதும்.

அடுத்தது பூண்டு, கேரட், செலரி. கேரட்டின் ஆரஞ்சு நிறம் பீட்டா கரோட்டின். அதை 1831-லேயே கேரட்டிலிருந்து பிரித்தெடுத்தவர் வாக்கன்ரோடர் என்ற ஜெர்மானியர். தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். பச்சைக் கேரட்டைக் கடித்துத் தின்பதைவிட எண்ணெயில் வதக்கி வேகவைத்த கேரட்டிலிருந்துதான் உடம்பு அதை அதிகமாக எடுத்துக்கொள்கிறது. ஆகவே, எண்ணெயே வேண்டாம் என்று கஞ்சத்தனம் பண்ணாதீர்கள்.

வெந்த ராஜ்மாவை வேகவைத்த தண்ணீரோடு இதில் கொட்டுங்கள். ஒரு கரண்டி ராஜ்மாவை எடுத்து மசித்து மறுபடி சேர்த்தால், சோளமாவும் வேண்டாம், கிரீமும் வேண்டாம், சூப் தானே கெட்டியாகிவிடும்.

தக்காளி? இப்போதுதான்! தக்காளியைக் குக்கரிலேயே ராஜ்மாவோடு போடுவது எல்லோரும் செய்யும் காரியம். புளிப்பு பட்டால் அந்தப் பெக்டின் பசை கரையவே கரையாது, ராஜ்மா விறைத்துக்கொள்ளும். முழுசாக வெந்தபின் புளிப்பு. இந்த ஒரு வரிசையை மாற்றாமல் இருந்தாலே பாதி சமையல் வெற்றி.

தக்காளியின் விதையையும் அதைச் சுற்றியுள்ள வழவழப்பான சாற்றையும் வழித்து எறிபவரா நீங்கள்? ஐயோ! இங்கிலாந்தில் ரெடிங் பல்கலைக்கழகத்தினர் அளந்து பார்த்து 2007-ல் சொன்னது என்ன தெரியுமா? தக்காளியின் உமாமிச் சுவைக்குக் காரணமான குளுட்டமேட், சதையைவிட அந்தச் சாற்றில்தான் பலமடங்கு அதிகம்! உமாமி என்ற சுவையை 1908-ல் கடல்பாசிச் சாற்றிலிருந்து பிரித்துக் காட்டியவர் டோக்கியோவின் கிகுனே இகேதா. குளுட்டமேட்டோடு உலர்ந்த ஷிடாகே காளானின் சாறு சேர்ந்தால் சுவை கூட்டலாக ஏறாது, பெருக்கலாக ஏறும் என்று பிற்பாடு இன்னொரு ஜப்பானியர், அகிரா குனினாகா, காட்டினார். ஜப்பானின் பௌத்த மடங்களில் கறி, மீன் எதுவும் சேர்க்காத சமையலுக்குக் கடல்பாசியும் உலர்காளானும்தான் சாறு. உலர்காளான் கிடைத்தால் இரண்டைக் கிள்ளிப் போடுங்கள். கிடைக்காவிட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

முட்டைக்கோஸ் கடைசி ஐந்து நிமிடம். அதற்கு மேல் வேகவேக முட்டைக்கோஸிலிருந்து கந்தக வாடை கிளம்பும். அழுகின முட்டை நாற்றத்துக்குக் காரணமான அதே வாயு. விருந்தாளி மூக்கைப் பொத்துவார்.

பாராளுமன்றத்தில் பீன்ஸ் சூப்

இந்த சூப்புக்குக் கிரேக்கத்தில் ஒரு அக்கா இருக்கிறாள், பெயர் ஃபசோலாடா. வெள்ளை பீன்ஸ், வெங்காயம், கேரட், செலரி, தக்காளி, தாராளமாக ஆலிவ் எண்ணெய். கிரேக்கர்கள் அதைத் தங்கள் தேசிய உணவு என்றே கொண்டாடுகிறார்கள். கிரேக்கத் திருச்சபையில் இறைச்சி, பால், முட்டை தொடாத நோன்பு நாட்கள் ஆண்டில் ஏறக்குறைய பாதி. வீகன் என்ற பெயர் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே அந்த மக்கள் நோன்புச் சட்டியில் வீகன் சமைத்திருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தச் சட்டியில் உள்ள பீன்ஸும் தக்காளியும் அமெரிக்காவிலிருந்து வந்தவை. சாக்ரடீஸ் இரண்டையும் கண்ணால்கூடப் பார்த்ததில்லை!

ரோமாபுரியில் கொலொன்னா மாளிகையில் அன்னிபலே கராச்சி 1580-களில் வரைந்த ஓவியம் ஒன்று தொங்குகிறது. வைக்கோல் தொப்பி போட்ட ஒரு உழைப்பாளி; மேசையில் ரொட்டி, வெங்காயம், ஒயின்; கையில் கரண்டி; வாயருகே போன கரண்டியிலிருந்து சொட்டுச் சொட்டாகச் சாறு வழிகிறது. "என்ன பார்க்கிறாய்?" என்று கேட்பதுபோல நம்மையே முறைக்கிறார். கிண்ணத்தில் இருப்பது பீன்ஸ். உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் கறுப்புப் பொட்டு; நம் காராமணியே!

அமெரிக்கப் பாராளுமன்றம் இன்னும் ஒரு படி மேலே. 1904-ல் ஒருநாள் கீழவைத் தலைவர் ஜோசப் கேனன் உணவகத்துக்கு வந்து பீன்ஸ் சூப் கேட்டார். வெயில் கொளுத்துகிறது என்று அன்றைக்குச் செய்யவில்லை. வந்ததே கோபம்! வெயிலோ மழையோ பனியோ, இனி தினமும் பட்டியலில் பீன்ஸ் சூப் இருந்தே ஆக வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார். மேலவையிலும் அப்படியே தினசரி சூப். இரண்டாம் உலகப் போரின் பங்கீட்டுக் காலத்தில், 1943 செப்டம்பர் 14 அன்று பீன்ஸ் போதாமல் சூப் இல்லாமல் போனது வரலாற்றிலேயே பதிவாகிவிட்டது! ஆனால் அவர்கள் அதில் பன்றிக்கால் எலும்பைப் போடுகிறார்கள். நம் கணக்கில் அது சேராது.

சேருவது ரம்ஃபோர்ட் பிரபுவின் சூப். அமெரிக்காவில் பிறந்து, ஜெர்மனியின் மியூனிக்கில் அதிகாரத்துக்கு வந்த விஞ்ஞானி இவர். பீரங்கியைத் துளைபோடும்போது கிளம்பும் சூட்டைப் பார்த்து, வெப்பம் என்பது ஒரு பொருளல்ல, அசைவு என்று சொன்னவரும் இவரே. 1790-ல் ஊரிலுள்ள பிச்சைக்காரர்களை எல்லாம் கூட்டிவந்து வேலையும் சாப்பாடும் கொடுக்க ஏற்பாடு செய்தார். மிகக் குறைந்த செலவில் வயிறு நிரம்ப என்ன கொடுக்கலாம் என்று சோதித்துச் சோதித்துக் கண்டது: பார்லி, காய்ந்த பட்டாணி, உருளைக்கிழங்கு, ரொட்டித் துண்டு, காடி, உப்பு, தண்ணீர். கறியே இல்லை. மூன்று மணி நேரத்துக்கு மேல் கொதித்து அது கெட்டியானதைப் பார்த்த பிரபு, தண்ணீரே உணவாக மாறிவிடுகிறது என்று நம்பிவிட்டார்! அது தப்பு, கெட்டியாக்கியது மாவுச்சத்து. ஆனால் அவர் முழுக்க முட்டாளும் இல்லை. 1999-ல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பார்பரா ரோல்ஸ் செய்த சோதனையில், ஒரே சாப்பாட்டைத் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிட்டவர்களைவிட, அதே தண்ணீரை அதற்குள்ளேயே சேர்த்து சூப்பாகக் குடித்த பெண்கள் அடுத்த வேளையில் குறைவாகவே சாப்பிட்டார்கள். வயிற்றுக்குத் தண்ணீர் எங்கே இருக்கிறது என்பதும் கணக்கு!

வீகன் என்ற பெயரை வைத்து இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் தோழர்களும் சங்கம் தொடங்கியது 1944 நவம்பரில். குண்டு விழுந்துகொண்டிருந்த, முட்டையும் வெண்ணெயும் ரேஷனில் வந்த காலம் அது. இது என்ன பைத்தியக்காரச் சாப்பாடு, உடம்பு தாங்குமா என்று கேட்டவர்களுக்கு வாட்சன் தன் வயதாலேயே பதில் சொன்னார்: 95 வயது வரை இருந்தார்.

குடிக்கும் முன்

அடுப்பை அணைத்து, மிளகுத்தூள் தூவி, எலுமிச்சை பிழியுங்கள். அணைத்தபின்தான்! ராஜ்மாவில் இரும்புச்சத்து நிறைய. ஆனால் செடியில் இருந்து வரும் இரும்பை உடம்பு சுலபத்தில் ஏற்காது. கூடவே வைட்டமின் சி இருந்தால் ஏற்கும். வைட்டமின் சி-க்கோ சூடு ஆகாது. சூப் குடித்த கையோடு டீ வேண்டாம்; டீயின் துவர்ப்பு அந்த இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

தொட்டுக்கொள்ள ரொட்டியோ, அடியில் ஒரு பிடி சோறோ இருக்கட்டும். பீன்ஸ் புரதத்தில் லைசின் நிறைய, மெத்தியோனின் குறைச்சல், அரிசியில் நேரெதிர். இரண்டும் ஒரே வேளையில்தான் வேண்டும் என்றில்லை, ஒரு நாளுக்குள் சேர்ந்தால் போதும்.

மிஞ்சினால் யோகம். இத்தாலியின் டஸ்கனியில் நேற்றைய பீன்ஸ் சூப்பில் காய்ந்த ரொட்டியைப் போட்டு மறுநாள் மறுபடி கொதிக்கவைத்துச் சாப்பிடுவதற்கென்றே ரிபொல்லிட்டா என்று ஒரு பண்டம் இருக்கிறது. புதிதாகச் செய்ததைவிட அதற்குத்தான் அங்கே மவுசு. ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். காலையில் கெட்டியாக உறைந்திருந்தால் கெட்டுப்போச்சு என்று கொட்டிவிடாதீர்கள். ராஜ்மாவின் மாவுச்சத்து ஆறும்போது இறுகுவதுதான். கொஞ்சம் வெந்நீர் விட்டுக் கொதிக்கவைத்தால் இளகிவிடும்.

செய்து பார்ப்பதாக இருந்தால் இன்றைக்கு ராத்திரியே ஒரு டம்ளர் ராஜ்மாவை உப்புத் தண்ணீரில் போட்டுவிட்டுப் படுங்கள். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்ட மட்டும் மறந்துவிடாதீர்கள்.